பெயரன்

எனக்கும் பொம்மைப் படங்களுக்கும் எப்போதுமே அவ்வளவு சிநேகம் கிடையாது. கதை கட்டிப் பிழைக்கிறவன் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம்தான். ஆனால் 74 வயதில் மனிதனுக்குச் சில பிடிவாதங்கள் இருக்கத்தான் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வெற்றிலை, சாய்வு நாற்காலியில் கொஞ்சம் கண்ணயர்வு, அப்புறம் நாலு பக்கம் எழுத்து. இந்த வரிசையில் பேரனுடைய பொம்மைப் படத்துக்கு இடமே இல்லாமல்தான் இருந்தது.

இடத்தை உண்டுபண்ணியது மழை. பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் பாரிவாக்கம். நாங்கள் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது கொல்லைக்குப் பின்னால் வயல் இருந்தது. அப்புறம் வயல் மனையாயிற்று, மனை மாடியாயிற்று. ஏரி மட்டும் எங்கேயும் போகவில்லை. நல்ல மழை பெய்தால் ஏரியின் ஞாபகம் எல்லாருக்கும் வந்துவிடும். தெருவில் தண்ணீர் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவார்கள். அப்படி ஒரு விடுமுறையில், மூன்று நாள் சேர்ந்தாற்போல், நானும் பேரனும் ஒரே அறையில் அடைபட்டோம். வெளியே போக வழி இல்லை. அவனுடைய தொலைக்காட்சியும் என்னுடைய சாய்வு நாற்காலியும் ஒரே சுவருக்குள் இருந்தன. யாராவது ஒருவர் தோற்றுத்தான் ஆகவேண்டும். தாத்தாதான் தோற்றார்.

"பொம்மைப் படம்னு சொல்லாதீங்க தாத்தா. இதுல சண்டை, அரசியல் எல்லாம் இருக்கு. உங்க நாவல் மாதிரியே இருக்கும்" என்றான். அவனுக்கு 10 வயது. என் நாவலில் ஒரு வரி படித்தவனில்லை. இருந்தாலும் புகழ்ச்சிக்கு மயங்காத எழுத்தாளன் உண்டா? பார்க்க உட்கார்ந்தேன்.

'ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ்' என்பது படத்தின் பெயர். அமெரிக்கர் ஜார்ஜ் லூகாஸ் படைத்த விண்வெளிக் கதையின் ஒரு கிளை. 2008-ல் தொடங்கி, நடுவில் நின்று, மறுபடி துளிர்த்து, 2020-ல் முடிந்தது. மொத்தம் 133 பகுதிகள். நம் பூமிக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கோ ஒரு தூரத்து நட்சத்திர மண்டலத்தில் நடக்கிற சண்டை. ஒரு பக்கம் இயந்திரப் படை. மறு பக்கம் வெள்ளைக் கவசம் பூண்ட வீரர்கள்.

நான் பார்த்த முதல் பகுதியிலேயே ஒரு வீரன் தலைக்கவசத்தைக் கழற்றினான். உறுதியான முகம். பக்கத்திலிருந்தவன் கழற்றினான், அதே முகம். மூன்றாமவன் கழற்றினான், அதே முகம்!

"இதென்ன, உத்தமபுத்திரனா?" என்றேன்.

பேரனுக்குப் புரியவில்லை. நம் தலைமுறைக்கு ஒரே முகத்தில் இரண்டு பேர் என்பது புதிதா என்ன? 1940-ல் பி.யு. சின்னப்பா உத்தமபுத்திரனில் அண்ணனும் தம்பியுமாக வந்தார். 1958-ல் சிவாஜி வந்தார். அதே 1958-ல் நாடோடி மன்னனில் எம்.ஜி.ஆர். மன்னராகவும் நாடோடியாகவும் வந்தார். கொட்டகையில் நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். 2010-ல் எந்திரனில் ஒரு ரஜினிகாந்த் நூறு ரஜினிகாந்தாகப் பெருகியதையும் இதே பேரனுடைய அப்பாவுடன் போய்ப் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் நான் விஸ்தாரமாகச் சொன்னேன். பேரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் டபுள் ஆக்ட் தாத்தா. இவங்க நிஜமாவே ஒரே ஆளு" என்றான்.

விவரம் இதுதான். ஜாங்கோ ஃபெட் என்று ஒரு கூலிப் போர்வீரன். அவனுடைய உடலின் வித்தை வைத்துக்கொண்டு, காமினோ என்கிற கடல் சூழ்ந்த கிரகத்தில், கண்ணாடிக் குடுவைகளில் லட்சக்கணக்கான பிரதிகளை வளர்க்கிறார்கள். அவர்களுக்குத் தாய் இல்லை. பெயர் இல்லை. எண் மட்டும் உண்டு. சீக்கிரம் சண்டைக்கு அனுப்பவேண்டும் அல்லவா? அதற்காக அவர்கள் இரண்டு மடங்கு வேகத்தில் வளரும்படி செய்திருக்கிறார்கள். 10 வயதில் 20 வயது ஆளின் உடம்பு.

பேரன் கதாநாயகனான காப்டன் ரெக்ஸைச் சுட்டிக்காட்டினான். ஒட்ட வெட்டிய பொன்னிறத் தலைமயிர். நெற்றியில் எத்தனையோ சண்டைகளின் களைப்பு.

"அவனுக்கு என் வயசுதான் தாத்தா" என்றான்.

நான் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டேன்.

*

மறுநாள் மழை சற்று ஓய்ந்திருந்தது. எனக்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒரு புதுச் சொல் காதில் விழுந்தால் அதன் பூர்வோத்தரம் தெரியாமல் தூக்கம் வராது. குளோன் என்ற சொல்லைத் தேடிப் போனேன். அது விஞ்ஞானக் கூடத்தில் பிறந்த சொல் என்று நினைத்திருந்தேன். இல்லை, தோட்டத்தில் பிறந்த சொல்! 1903-ல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கத் தாவர சாஸ்திரி வைத்த பெயர் அது. கிரேக்க மொழியில் அதன் வேருக்குச் சிறு கிளை, குச்சி என்று பொருள். விதை போடாமல், கிளையை ஒடித்து நட்டு வளர்க்கிற செடிக்கு அவர் அந்தப் பெயரைக் கொடுத்தார்.

அடடா, இதை நம் பெண்டுகளிடம் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்களே! முருங்கைப் போத்து நடாத வீடு உண்டா? எங்கள் கொல்லையில் நிற்கிற முருங்கை, என் மனைவி அவள் பிறந்த வீட்டிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த போத்து. அங்கே நின்ற மரம் எப்போதோ புயலில் விழுந்துவிட்டது. ஆனால் அதே மரம்தான் இங்கே காய்க்கிறது. மகள் மரமல்ல, அதே மரம். அதற்குப் பக்கத்தில் வாழை. வாழைக்கு விதை ஏது? தாயின் காலடியில் கன்று முளைக்கிறது. அந்தக் கன்றும் தாயும் உடல் வித்தில் ஒன்றேதான். வாழையடி வாழையாக வாழுங்கள் என்று நாம் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாழ்த்துகிறோம். பிரதிமேல் பிரதியாகப் பெருகுங்கள் என்றா வாழ்த்துகிறோம்? வாழ்த்துகிறவர்களுக்கும் தெரியாது, தலையில் அட்சதை விழுகிறவர்களுக்கும் தெரியாது.

மிருகங்களில் இந்தக் காரியத்தைச் சாதிக்க மனிதனுக்கு வெகு காலம் ஆயிற்று. முழு வளர்ச்சி அடைந்த ஓர் ஆட்டின் உடல் அணுவிலிருந்து டாலி என்ற ஆட்டுக்குட்டியை ஸ்காத்லாந்தில் 1996-ல் பிறக்கவைத்தார்கள். 2009-ல் நம் நாட்டிலேயே, கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில், கரிமா என்ற எருமைக்கன்று அப்படிப் பிறந்தது. மனிதரில் யாரும் அப்படிப் பிறந்ததில்லை. பல நாடுகள் அதை வேண்டாமென்றே வைத்திருக்கின்றன.

ஆனால் கற்பனையில் நாம் முந்திக்கொண்டோம். தேவி மாகாத்மியத்தில் ரத்தபீஜன் என்று ஓர் அசுரன் வருகிறான். அவன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழுந்தால், அவனைப் போலவே இன்னோர் அசுரன் எழுந்து நிற்பான். வெட்ட வெட்டப் பெருகும் சேனை! கடைசியில் காளி, ஒரு சொட்டும் தரையில் விழாமல் நாக்கை நீட்டிக் குடித்துத்தான் அவனை முடிக்கிறாள். சிறு வயதில் அந்தக் கதையைக் கேட்டபோது காளியின் நாக்கை நினைத்துப் பயந்திருக்கிறேன். மண்ணிலிருந்து எழுந்த அந்த இரண்டாவது ரத்தபீஜன், மூன்றாவது ரத்தபீஜன் எல்லாம் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எழுந்தவுடனே கையில் ஆயுதம், எதிரே சண்டை. தான் யார் என்று கேட்டுக்கொள்ள ஒரு நிமிஷம் அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

இந்தப் படத்தில் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் இது எனக்குப் பிடித்துப்போயிற்று. எண்ணோடு பிறந்த இந்த வீரர்கள் ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு பெயரைச் சம்பாதித்துக்கொள்கிறான். கட்டளையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறவனுக்கு எக்கோ, அதாவது எதிரொலி, என்று பெயர். எண்ணில் 5 மேல் 5 வருகிறவனுக்கு ஃபைவ்ஸ். ஒருவன் தலையை மழிக்கிறான். ஒருவன் பச்சை குத்திக்கொள்கிறான். ஒருவன் கவசத்தில் வர்ணம் தீட்டுகிறான். இத்தனை பேருக்கும் குரல் கொடுத்தவர் டீ பிராட்லி பேக்கர் என்ற ஒரே நடிகர்! நவராத்திரியில் 1964-ல் சிவாஜி ஒன்பது பேராக வந்தபோது அவருக்கு ஒன்பது வேஷம் கிடைத்தது. இவருக்கு வேஷமும் கிடையாது. குரல் ஒன்று, ஆளுக்கு ஆள் சிறிது அழுத்தம், சிறிது தயக்கம், சிறிது குறும்பு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறான் என்று என் பேரன் சொல்லிவிடுகிறான்.

எதிர்வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆவடி ஓ.ஸி.எப்.பில் தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கிற அந்தத் தொழிற்சாலை 1961-ல் ஏற்பட்டது. கூப்பிடு தூரத்தில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. எங்கள் வட்டாரத்தில் பாதிக் குடும்பங்கள் அந்த இரண்டையும் நம்பி வளர்ந்தவை.

"சார், நாங்க ஆயிரம் சட்டை தைப்போம். எல்லாம் ஒரே துணி, ஒரே அளவு. ஆனா போட்டுக்கிறவன் ஒரு வாரத்துல அதைத் தன் சட்டை ஆக்கிடுவான். ஒருத்தனுக்கு முழங்கை தேயும், ஒருத்தனுக்குக் காலர் தேயும்" என்றார் அவர்.

அன்று மாலை பேரனுக்கு இதைச் சொன்னேன். அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்:

"தாத்தா, நான் பெரியப்பாவோட குளோனா?"

*

இதற்கு மேல் எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் 1994-ல், 16 வயதில், மஞ்சள் காமாலையில் போய்விட்டான். மிருதங்கம் வாசிப்பான். பெரிய வித்வானாக வந்திருப்பான் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷத்தை ஓட்டினேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன். அவன் போன பிறகு மிருதங்கம் இருந்தது, சட்டைகள் இருந்தன, பாடப் புத்தகங்கள் இருந்தன. இளையவனுக்கு அப்போது 10 வயது. மூத்தவனுடையது எல்லாம் இளையவனுக்கு வருவது எந்த வீட்டிலும் வழக்கம்தானே? வந்தது.

பிறகு இளையவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தது. குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கிய என் மனைவி, முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழுதாள். அதே நெற்றி, அதே மேலுதடு, இடது காதின் மடல் சற்று மடங்கியிருப்பதுகூட அதே. மூத்தவனின் பெயரையே வைக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மகன் மறுத்துப் பேசவில்லை. மருமகள் வேறு ஏதோ ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தாளாம். அதை இன்றுவரை அவள் என்னிடம் சொன்னதில்லை.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அது நம்மவர்களின் பழைய வழக்கம். போனவர்களின் பெயர் வீட்டைவிட்டுப் போகாமல் இருக்க ஓர் உபாயம். நான் செய்தது அந்த வழக்கத்தில் ஒரு சிறு திருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் பெயரோடு நின்றேனா? ஐந்து வயதில் அந்தப் பழைய மிருதங்கத்தை வார் மாற்றித் தோல் மாற்றி அவன் முன்னால் வைத்தேன். வாத்தியார் ஏற்பாடு செய்தேன். தலைமயிரை எந்தப் பக்கம் வகிடு எடுக்கவேண்டும் என்பதில்கூட அவன் பாட்டிக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அவன் தோசைக்குச் சர்க்கரை கேட்டால், "அவனும் இப்படித்தான்" என்போம். சர்க்கரை வேண்டாமென்றால் சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஒன்றும் இருக்காது.

இதையெல்லாம் ஒரு குழந்தை கவனித்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனித சுபாவத்தை ஆராய்ந்து பதினாலு நாவல் எழுதியவன் நான்!

அவன் கேட்ட கேள்விக்கு அப்போது நான் விஞ்ஞானத்தால் பதில் சொன்னேன். பெரியப்பாவுக்கும் தம்பி மகனுக்கும் உடல் வித்தில் சராசரியாக நாலில் ஒரு பங்குதான் பொது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் அதே நாலில் ஒரு பங்கு. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு வித்து முழுவதும் ஒன்றாக இருந்தும் கைரேகை வேறு வேறு. "ஆகையால் நீ குளோன் இல்லை" என்று முடித்தேன். அவன் தலையாட்டினான். ஆனால் அவன் கேட்டது அது இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இரவு மகனிடம் சொன்னேன். அவன் கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். "அப்பா, எனக்கு அந்த மிருதங்கம் வரலே. ஆறு வருஷம் அடிச்சேன். உங்களுக்கே தெரியும். அவனுக்கும் வரலே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று நன்றாக இருந்திருக்கும்.

*

அந்தப் படத்தில் கிரெல் என்று ஒரு தளபதி வருகிறான். 2011-ல் வந்த பகுதிகள் அவை. அவன் வீரர்களைப் பெயர் சொல்லி அழைக்கவே மாட்டான். ரெக்ஸை ஸி.டி. 7567 என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு அவர்கள் எண்ணிக்கை. செத்தால் அடுத்த எண். இருள் சூழ்ந்த ஒரு கிரகத்தில் அவன் ஒரு சூது செய்கிறான். "எதிரிகள் நம்முடைய கவசத்தை அணிந்துகொண்டு வருகிறார்கள், சுடுங்கள்" என்று ஒரு படைக்குச் சொல்கிறான். மற்றொரு படைக்கும் அதையே சொல்லியிருக்கிறான். இரண்டு படையும் இருட்டில் சுட்டுக்கொள்கின்றன. ரெக்ஸ் விழுந்து கிடக்கிற ஒருவனின் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். உள்ளே அவனுடைய முகம்.

பேரன் இந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் கிரெலைத் திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன், திட்டவில்லை. அவன் எண்ணால் கூப்பிட்டான். நான் இன்னொருவனுடைய பெயரால் கூப்பிட்டேன். கூப்பிடப்பட்டவனுக்கு இரண்டும் எவ்வளவு தூரம் வித்தியாசம்?

கதையின் முடிவு இன்னும் மோசம். அந்த வீரர்கள் ஒவ்வொருவனுடைய தலைக்குள்ளும், பிறக்கும்போதே, அவனுக்குத் தெரியாமல் ஒரு சில்லைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் ஒரு கட்டளை வருகிறது, 66-ம் கட்டளை. அந்தக் கணமே அத்தனை பேரும் திரும்பி, நேற்றுவரை தோளோடு தோள் நின்று போரிட்ட தங்கள் தலைவர்களையே சுடுகிறார்கள். யோசிக்க ஒருவனாலும் முடியாது.

கொல்லையில் எங்கள் ரஸ்தாளி போன வருஷம் பட்டுப்போயிற்று. வாடல் நோய். வேர் வழியாக ஏறுகிற ஒரு பூஞ்சணம். ரஸ்தாளிக்கு அதைத் தாங்கும் சக்தி குறைவு. இதே இனத்து வாடல்தான் அமெரிக்கா முழுவதும் தின்றுகொண்டிருந்த குரோ மிஷல் என்ற வாழையை 1950-களில் தோட்டம் தோட்டமாக அழித்தது. பிரதிகள் அல்லவா? ஒன்றைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு எல்லாவற்றையும் கொல்லத் தெரியும். வித்தியாசமாக ஒரு மரம், ஒரே ஒரு மரம், நடுவில் நின்றிருந்தால் அது பிழைத்திருக்கும். ரெக்ஸ் பிழைக்கிறான். அவனுடைய நண்பன் ஃபைவ்ஸ் அந்தச் சில்லைப் பற்றி முன்பே கண்டுபிடித்து, அதற்காகவே செத்தவன். கட்டளை வந்த நிமிஷத்தில், கை துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே, ரெக்ஸ் அந்தப் பெயரை நினைவுகூர்ந்து தன் தோழி அசோகாவிடம் சொல்லிவிடுகிறான். அவள் அவனுடைய தலையிலிருந்து சில்லை எடுக்கிறாள்.

*

மழை விட்டு, தண்ணீர் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரனை அழைத்துக்கொண்டு பூவிருந்தவல்லியில் பஸ் ஏறினேன். போரூரைத் தாண்டி, பரங்கிமலைக்குப் போகிற சாலையில், நந்தம்பாக்கத்தில் இறங்கினோம். அங்கே ஒரு போர்க் கல்லறை இருக்கிறது. எத்தனையோ தடவை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. 1952-ல் ஏற்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தில் இறந்து, தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் அங்கங்கே புதைக்கப்பட்டிருந்த வீரர்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறார்கள், 850-க்கும் மேற்பட்டவர்கள். முதல் யுத்தத்தில் இறந்து இந்தியாவில் வேறு வேறு இடங்களில் கிடக்கிற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களையும் ஒரு நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள்.

புல்வெளி, வரிசை வரிசையாகக் கற்கள். அதிகாரி என்றும் சிப்பாய் என்றும் பேதமில்லாமல் ஒரே மாதிரி வைக்கவேண்டும் என்பது அந்த ஆணையத்தின் விதி.

"குளோன் மாதிரியே இருக்கு தாத்தா, எல்லாக் கல்லும்" என்றான் பேரன். பிறகு ஒவ்வொன்றாகக் கிட்டே போய்ப் படிக்க ஆரம்பித்தான். எண், பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. இருபது, இருபத்திரண்டு, பத்தொன்பது. சில கற்களின் அடியில் குடும்பத்தார் சொல்லியனுப்பிய ஒரு வாசகம். அந்த ஒரு வரியை மட்டும் ஆணையம் அவரவர் வீட்டுக்கு விட்டுவைத்திருந்தது. நம் நாட்டு நடுகல்லும் இதைத்தானே செய்தது? ஊரைக் காக்க, ஆநிரையை மீட்கச் செத்தவன் ஒருவனுக்குக் கல் நட்டால், அவன் பெயரையும் அதில் பொறிப்பதுண்டு.

2020-ல் வந்த கடைசிப் பகுதியில் ரெக்ஸும் அசோகாவும், தங்களைக் கொல்ல வந்த அந்த வீரர்களையே, விபத்தில் இறந்த பிறகு, தங்கள் கையால் புதைக்கிறார்கள். புதைத்த இடத்தில் ஒவ்வொருவனுடைய தலைக்கவசத்தையும் நட்டு வைக்கிறார்கள். வர்ணம் தீட்டிய தலைக்கவசங்கள்.  பேரன் அதை ஞாபகப்படுத்தினான். நான் ஒரு கல்லின் பக்கத்தில் சற்று உட்கார்ந்துகொண்டேன். மூத்தவனுக்கு நாங்கள் கல் ஒன்றும் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குழந்தையை வைத்தோம்.

"உன்னைப் பள்ளிக்கூடத்தில் என்னவென்று கூப்பிடுகிறார்கள்?" என்று கேட்டேன்.

"கோலி."

கோலிக்குண்டு நன்றாக ஆடுவானோ என்று நினைத்தேன். அவன் பாட்டி அப்புறம் கேட்டபோது கிரிக்கெட்காரர் பெயர் என்று நினைத்தாள். இரண்டும் இல்லை. கால்பந்தாட்டத்தில் அவன் கோல்கீப்பர். இரண்டு வருஷமாக! எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மிருதங்க வகுப்புக்குப் பதிலாக அவன் எங்கே போகிறான் என்பது அவன் அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

"பெரியப்பா ஃபுட்பால் ஆடுவாரா?" என்று கேட்டான். அவன் குரலில் ஒரு ஜாக்கிரதை இருந்தது.

"பந்தைக் கண்டாலே ஓடிப்போவான்" என்றேன். அது நிஜம். வெகு நாளைக்குப் பிறகு என் மூத்த பிள்ளையைப் பற்றி ஒரு நிஜத்தைச் சொன்னேன். பேரன் சிரித்தான். அந்தச் சிரிப்பு யாருடைய சிரிப்பு என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயற்சி செய்தேன் என்று எழுதுவதுதான் சரி.

மிருதங்கத்தை உறை போட்டு என் அறையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது அவனுடையது, வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை. பள்ளிக்கூடத்துப் பந்தயத்துக்கு ஒரு தடவை போய் வந்தேன். பேரன் மூன்று கோல் விட்டான், நாலு பிடித்தான். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் "கோலி! கோலி!" என்று கத்தினேன். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

என் மனைவி மட்டும் இன்னும் சில சமயம், விளக்கு வைக்கிற நேரத்தில், அவன் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால், அந்தப் பழைய குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறாள். பேரன் "வந்துட்டேன் பாட்டி" என்கிறான். அவள் எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாள் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. அவனும் கேட்பதில்லை.